எந்தப் பெடல்? தினமும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

போன கார்த்திகை மழையில் அண்ணன் மகள் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகும் வழியில், கரும்பு ஏற்றி வந்த டிராக்டருக்கு ஒதுங்கும்போது வலது கால் நழுவியிருக்கிறது. தாடையில் நாலு தையல். அதோடு போச்சே என்று வீட்டில் எல்லாரும் சாமி கும்பிட்டார்கள்.

சாயங்காலம் வண்டியைத் தூக்கி வந்து திண்ணை ஓரம் நிறுத்தினார்கள். அப்போதுதான் பார்த்தேன். வலது பக்கம் பெடலே இல்லை. ரப்பர் கட்டை போய், தகடு போய், வெறும் இரும்பு அச்சு மட்டும் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்பம்மா போச்சு இது?"

"அது போன வருஷமே போயிடுச்சு சித்தப்பா. பழகிடுச்சு."

அந்த நேரத்தில் என் மடிக்கணினியில் ஒரு அட்டவணை திறந்தே இருந்தது. எனக்கு ஒரு புதுப் பெடல் வாங்குவதற்காக மூன்று வாரமாகத் தயாரித்தது. எடை, பேரிங், அகலம், விலை என்று பத்திருபது வரிசை. அதே வீட்டுத் திண்ணையில் ஒரு வருஷமாக நின்ற வண்டியில் பெடல் இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. இந்தக் குறிப்பை அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. படித்தது பி.இ. மெக்கானிக்கல், சோறு போடுவது மென்பொருள். பல வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் கள்ளக்குறிச்சிக்கே திரும்பிவிட்டேன். காலையில் ஊருக்குள் கொஞ்சம் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கோமுகி அணை, தெம்பு இருந்தால் அதற்கு மேல் கல்வராயன் மலைப்பாதை. பந்தய வீரன் கிடையாது.

முதல் கேள்வி: யாருடைய கால்?

பெடல் பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் சைக்கிளுக்கென்றே தனி ஷூ வாங்கியவர்கள் எழுதியது. நம்ம ஊர்ல மிதிக்கிற கால்கள் வேற. காலை எட்டரைக்கு நான்குமுனைச் சந்திப்பில் பத்து நிமிஷம் நின்றால் தெரியும். ரப்பர் செருப்பு, தேய்ந்த தோல் செருப்பு, பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ, சில பெரியவர்களின் வெறுங்கால்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தமிழ்நாட்டின் பெரிய சைக்கிள் கதை அதுதான். அந்தப் பெண்கள் புடவையோடும் செருப்போடும்தான் மிதித்தார்கள். அதனால் 'சிறந்த பெடல் எது' என்ற கேள்வியை இப்படி மாற்றிக்கொள்வது நல்லது: இந்த வண்டியில் தினமும் ஏறப்போகிற கால் எது, அது எதை மாட்டியிருக்கும், மழையில் போகுமா?

எங்கள் வீட்டில் மூன்று வண்டி, மூன்று கால். அப்பாவுக்குப் பழைய பெரிய சைக்கிள், ரப்பர் செருப்பு. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். வெயிலில் ஷூ, மழையில் செருப்பு. எனக்கு கியர் வண்டி, சாதாரண ஓட்ட ஷூ.

கடையில் கிடைப்பவை

*ரப்பர் கட்டைப் பெடல்.* இரும்புச் சட்டத்தில் இரண்டு ரப்பர் கட்டை. நமக்கெல்லாம் குரங்கு பெடல் கற்றுக்கொடுத்தது இதுதான். வெறுங்காலுக்கு இதமானது, விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். ரப்பரின் வரி தேய்ந்து வழவழப்பானதும் மழையில் சறுக்கும்.

*இரும்புப் பல்லுப் பெடல்.* ஓரத்தில் ரம்பம் மாதிரி பல் இருக்கும். ஷூவை நன்றாகக் கவ்வும். மெல்லிய செருப்பில் பாதம் வலிக்கும். வெறுங்காலுக்கு ஆகவே ஆகாது.

*முழுப் பிளாஸ்டிக் பெடல்.* லேசு, மலிவு. இப்போது புது வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. காய்ந்திருக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்தில் கதை மாறும்.

*முளை வைத்த அகலப் பெடல்.* உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியம் அல்லது நைலான் பலகை, அதில் சின்னச் சின்ன உலோக முளைகள். மலைச் சைக்கிளுக்காக வந்தது. பிடிப்பு பிரமாதம். தவறிப்போய் முழங்காலுக்குக் கீழே பட்டால் தோலைச் சீவிவிடும். ரப்பர் செருப்பின் அடியையும் சில மாதத்தில் தின்றுவிடும்.

*காலைப் பூட்டும் பெடல்.* ஷூவுக்கு அடியில் ஒரு உலோகக் கொக்கி, அது பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். பிரான்சின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் கட்டுகளின் யோசனையில் 1984ல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். நடக்கவும் தோதான சின்னக் கொக்கியுடன் ஷிமானோவின் எஸ்.பி.டி 1990ல் வந்தது.

பூட்டினால் வேகம் கூடுமா?

என் அட்டவணையில் முதலிடத்தில் இருந்தது இந்தக் கடைசி வகைதான். காலைப் பூட்டினால் கீழே மிதிப்பதோடு மேலே இழுக்கவும் செய்யலாம், அதனால் சக்தி மிச்சம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருந்தார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது.

ஆனால் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரா, கிராம் என்ற இரண்டு பேர் 2016ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. ஓட்ட ஷூவும் தட்டைப் பெடலும், ஓட்ட ஷூவும் வார்ப்பிடியும், சைக்கிள் ஷூவும் பூட்டுப் பெடலும் என்று மாற்றி மாற்றி ஒரே ஆட்களை மிதிக்க வைத்து, அவர்கள் செலவழித்த சக்தியை மூச்சுக் காற்றிலிருந்து அளந்தார்கள். மிதமான உழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

யோசித்தால் காரணம் புரியும். நிதானமாக மிதிக்கும்போது யாரும் காலை மேலே இழுப்பதில்லை. ஏறுகிற காலை, இறங்குகிற கால்தான் கிராங்க் வழியாகத் தூக்கிக் கொடுக்கிறது. எழுந்து நின்று முழு மூச்சாக விரட்டும்போது பூட்டு உதவும், மேடு பள்ளத்தில் கால் துள்ளாமல் பிடிக்கும். அது பந்தயக்காரர்களுக்கு வேண்டியது. தாலுக்கா ஆபீசுக்குப் போய் வருகிறவருக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் உண்டு. நம்ம ரோட்டில் ஆடு குறுக்கே வரும், பஸ் சட்டென்று நிற்கும். காலைத் திருப்பி விடுவிக்கப் பழகும் வரை, நின்ற இடத்திலேயே மரம் மாதிரி சாய்வது நிச்சயம். மலைப்பாதையிலும் எனக்கு இது சரிப்படாது. வெள்ளிமலை ஏற்றத்தில் நான் பாதி மிதிப்பேன், பாதி தள்ளுவேன். மழைக்காலச் செம்மண் ஷூ அடியில் அப்பினால் கொக்கி மாட்டாது. அட்டவணையில் முதலிடத்தில் இருந்ததை அப்படியே அழித்துவிட்டேன்.

திண்ணையில் ஒரு சோதனை

மிச்சம் இருந்தது வழுக்கல். சறுக்க ஆரம்பிக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வுக் கெழு என்று பதினோராம் வகுப்பில் படித்திருப்போம். அதையே செய்தேன். ஒரு பலகையில் பெடலை அசையாமல் கட்டி, மேலே ரப்பர் செருப்பை வைத்து, செருப்பின் மேல் எடைக்கல். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கி, எப்போது சறுக்குகிறது என்று பார்க்க வேண்டும். கோணத்தைச் செல்பேசி சொல்லும். பிறகு தண்ணீர் தெளித்து ஒருமுறை, சேறு பூசி ஒருமுறை.

எண்களை இங்கே தரவில்லை. எடைக்கல்லும் பழைய செருப்பும் வைத்து எடுத்த எண்ணுக்கு மரியாதை கிடையாது. வரிசை மட்டும் எத்தனை முறை செய்தாலும் மாறவில்லை. காய்ந்திருக்கும்போது எல்லாப் பெடலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரத்தில் வழவழப் பிளாஸ்டிக் முதலில் கைவிட்டது, அதன் பின்னாலேயே தேய்ந்த ரப்பர். வரி உள்ள புது ரப்பர் தாக்குப்பிடித்தது. பல்லும் முளையும் கடைசி வரை விடவில்லை. வெறும் அச்சையும் கட்டிப் பார்த்தேன். செருப்பு சறுக்கவில்லை, உருண்டு விழுந்தது. அவள் எப்படி விழுந்திருப்பாள் என்று அப்போது புரிந்தது.

அச்சு வெறும் அச்சானது எப்படி?

அந்த வண்டியின் இடது பெடல் அரைகுறை உயிரோடு இருந்தது. பிரித்துப் பார்த்ததில் கதை தெரிந்தது. பெடலின் வெளிமுனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் ஒரு பூட்டு நட்டு, ஒரு கோன், அதைச் சுற்றி பால்ரஸ் குண்டுகள். எங்கேயோ உரசி அந்த மூடி விழுந்துவிடுகிறது. யாரும் கவனிப்பதில்லை. உள்ளே மழைத் தண்ணீரும் மணலும் போகிறது, கிரீஸ் கழுவிப் போகிறது, குண்டு துருப்பிடித்து நொறுங்குகிறது. பெடல் ஆட ஆரம்பிக்கும், 'கடக் கடக்' என்று சத்தம் வரும், ஒருநாள் கட்டை மொத்தமாகக் கழன்று ரோட்டில் விழும். அச்சு மட்டும் கிராங்கோடு நிற்கும். ஒரு மூடியில் ஆரம்பித்தது தாடைத் தையலில் முடிகிறது.

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001ல் தொடங்கிப் பிறகு விரிவானது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மலையடிவாரக் கிராமங்களில் பார்த்தால் தெரியும். வண்டி கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிரீஸ் போடுவது யார் வேலை என்று எந்த வீட்டிலும் முடிவாகவில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான்.

அதனால் பெடல் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: "இதைப் பிரிச்சு கிரீஸ் போட முடியுமா?" மூடியும் நட்டும் உள்ள பெடலை எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். ஆணி அடித்து மூடியதைப் பிரிக்க முடியாது, ஆடினால் தூக்கிப்போட வேண்டியதுதான். கடையில் பெடலைச் சுண்டிவிட்டு, விசிறி மாதிரி ரொம்ப நேரம் சுற்றினால் நல்ல பெடல் என்று நினைக்காதீர்கள். உள்ளே கிரீஸ் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சுற்றும். கையால் மெதுவாகத் திருப்பும்போது நறநறப்பு இல்லாமல், குலுக்கினால் ஆட்டம் இல்லாமல், வழவழவென்று வர வேண்டும்.

மரை விஷயம்

பெடல் மாற்றுவது சுலபம், ஒரு இடத்தைத் தவிர. இடது பெடலுக்கு இடது மரை. வலது பெடலுக்கு வழக்கமான வலது மரை. அச்சு முனையில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும்.

மெக்கானிக்கல் படித்த நான் கண்ணாடி போடாமல் ஒருமுறை வலது பெடலை இடது கிராங்கில் திருகினேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று ஸ்பேனரில் குழாயை மாட்டி அழுத்தினேன். அலுமினிய கிராங்க். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "மரை கழண்டுபோச்சு சார்" என்றார். கிராங்குக்கா எனக்கா என்று அவர் சொல்லவில்லை.

ஏன் இரண்டு மரை? ஒரு பேனாவை எடுத்து, இடது கை விரல்களை வளையமாக்கி அதற்குள் தளர்வாகப் பிடியுங்கள். பேனாவின் நுனியை வலது கையால் வட்டமாக நகர்த்துங்கள். பேனா வளையத்தின் உட்சுவரில் உருண்டு, நீங்கள் நகர்த்தும் திசைக்கு எதிர்த்திசையில் தன்னைத்தானே சுற்றும். பெடல் அச்சுக்கும் இதேதான் நடக்கிறது. உங்கள் எடை எப்போதும் கீழ்நோக்கி இருக்க, கிராங்கின் துளை அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மரைக்குள் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட அச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் துளி உருளும். அந்த உருளல் கழற்றும் திசையில் போகாமல் இறுக்கும் திசையில் போவதற்காகத்தான் இடது பக்கம் மரையைத் திருப்பி வைத்தார்கள். விமானம் செய்வதற்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1900ல் 'கழலாத பெடல்' என்று விளம்பரம் செய்தது இந்த இரட்டை மரை வைத்த பெடலைத்தான்.

ஞாபகம் வைக்க ஒரே வரி: ஸ்பேனரை மேல்பக்கமாக வைத்து முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். இரண்டு பக்கமும் அப்படித்தான். பெரும்பாலான பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர். மரை 9/16 அங்குலம். சில குழந்தைகள் வண்டியில் 1/2 அங்குலம் இருக்கும், பழைய பெடலைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மரையில் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் ஏதோ தப்பு, குழாயைத் தேடாதீர்கள். துருப்பிடித்து நிற்கும் பழைய அச்சுக்கு ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு வைத்தால் காலையில் அசையும்.

இன்னொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று ஒரு தட்டல் வந்தால் பெடல்தான் போச்சு என்று நினைக்க வேண்டாம். அப்பா வண்டியில் அப்படித்தான் இரண்டு பெடலை மாற்றினோம். கடைசியில் கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் தேய்ந்திருந்தது.

இருட்டும் இறக்கமும்

பெடலின் முன்பின் ஓரத்தில் மஞ்சள் பிரதிபலிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். 1973ல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், இருட்டில் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து ஆட்களை நடக்கவிட்டுப் படம் பிடித்தார். சில புள்ளிகள் அசைவதை வைத்தே பார்ப்பவர்கள் மனிதன் என்று கண்டுகொண்டார்கள். மேலும் கீழும் போய்வரும் இரண்டு மஞ்சள் புள்ளி, பின்னால் வரும் லாரிக்காரருக்கு 'இங்கே ஒரு ஆள் மிதிக்கிறார்' என்று சொல்லிவிடும். சேலம் நெடுஞ்சாலை ஓரமாக இருட்டில் வீடு திரும்புகிறவருக்கு இது அலங்காரம் இல்லை.

மலை இறங்குகிறவர்களுக்கு: ரொம்ப அகலமான பெடல் கொண்டை ஊசி வளைவில் சாயும்போது தரையில் இடிக்கும். வளைவின் உட்பக்கக் கால் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே, எடை முழுவதும் வெளிப்பக்கக் காலில். நேர்ப்பாதையில் இரண்டு காலும் சம மட்டத்தில்.

கடைசியில் வாங்கியது

மகளுக்கு: இரும்புச் சட்டம், நல்ல வரியுள்ள ரப்பர் கட்டை, மூடி, நட்டு, பிரதிபலிப்பான் எல்லாம் உள்ள சாதாரணப் பெடல். அப்பாவுக்கும் அதே. எனக்கு முளை குறைவான அகல நைலான் பெடல். மூன்று வாரம் ஆராய்ந்ததற்கு இவ்வளவுதானா என்றால், ஆமாம், இவ்வளவுதான். பெடல் இரண்டின் விலை, அன்றைக்குத் தையலுக்கும் மருந்துக்கும் ஆனதைவிடக் குறைவு.

பெடலை மாட்டிய அன்று மகள் தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "கால் வைக்க இவ்ளோ இடம் இருக்கும்னே மறந்துபோச்சு சித்தப்பா" என்றாள். அப்புறம், "எங்க ஸ்டாண்டுல நிறைய வண்டி இப்படித்தான் நிக்குது" என்றாள்.

இப்போது திண்ணையில் ஒரு 15 ஸ்பேனர், ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் மூடிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவள் தோழிகள் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கோமுகிப் பக்கம் போவது குறைந்துவிட்டது, பரவாயில்லை.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளிடம் போங்கள். பெடலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முனையில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். "பழகிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.